சுவருக்குப் பனியன் போட்டுவிட்ட கதை

கண்ணு,

அந்தப் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதே. திறந்திருந்தால் மூடி வை. மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

நேற்று நீ போனில் பேசும்போதே உன் பதற்றம் எனக்குப் புரிந்துவிட்டது. அவிநாசிபாளையத்தில் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. கிரகப்பிரவேசப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. இந்த நேரம் பார்த்து வாசலில் போட்ட கருங்கல் படியிலும், கார் நிறுத்தும் கான்கிரீட் தளத்திலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்துக்கொண்டு வருகிறது. துடைத்தால் போகிறது, இரண்டு நாளில் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மேஸ்திரி ஆசிட் ஊற்றிக் கழுவிவிடலாம் என்கிறார். பெயிண்டர் பளபளவென்று எதையோ அடித்து மூடிவிடலாம் என்கிறார். உன் மாமனார் வீட்டு ஜனம் மொத்தமும் வந்து நிற்கும்போது புது வீட்டுப் படி தேமல் விழுந்த மாதிரி இருந்தால் என்ன நினைப்பார்கள் என்பது உன் கவலை. "எதையாச்சும் அடிச்சு மறச்சுடலாமாம்மா?" என்று கேட்டாய். நான் பொறு, கடிதம் எழுதுகிறேன் என்றேன். நீ சிரித்தாய். வாய்ஸ் மெசேஜ் போதாதா என்றாய். போதாது. நான் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று கத்தரித்துவிடுவாய். காகிதத்தில் இருக்கிற பேச்சைக் கத்தரிக்க முடியாது. தவிர, இது நான் ஜெயித்த கதை. அதை அவசரமாகச் சொல்லி வீணாக்க எனக்கு மனசில்லை.

நீ பெங்களூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போன புதிதில்தான் நாங்கள் காதர்பேட்டைப் பக்கம் இருந்த வாடகை மாடியைக் காலி செய்துவிட்டு முதலிபாளையத்துக் கட்டடத்துக்கு வந்தோம். வேலை அதேதான். தைத்து வரும் பனியன்களைச் செக்கிங் பார்த்து, பிசிறு வெட்டி, அயர்ன் போட்டு, பாலிபேக்கில் போட்டுப் பெட்டி கட்டி அனுப்புவது. ஆனால் சொந்த இடம். உங்கப்பா காலையில் ஷட்டரைத் தூக்கும்போது கோயில் நடை திறக்கிற மாதிரி ஒரு முகம் வைத்துக்கொள்வார். சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், இனி என் செக்கிங் கம்பெனிக்குத் தானே மேனேஜர் என்று தனக்குத் தானே ஆர்டர் போட்டுக்கொண்டார். நானும் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கட்டடத்தின் பின்சுவர் கீழே இடுப்பளவுக்குக் கருங்கல் கட்டு, அதற்கு மேலே ஹாலோ பிளாக். உள்பக்கம் சிமெண்ட் பூசி வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் பேக்கிங்குக்குத் தயாரான பீஸ்களை ராக்கில் அடுக்குவோம். ஒரு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சுவரின் கீழே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கொப்புளத்தைக் குத்தினால் உள்ளே மாவு மாதிரி வெள்ளைத் தூள். உங்கப்பா விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு "உப்புத்தான்" என்றார். சாயப்பட்டறையில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டியவருக்கு அதைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சொரண்டிவிட்டுப் பெயிண்ட் அடித்தோம். மறுபடி கொப்புளம். மறுபடி பெயிண்ட். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தோம், பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் தரப்பிலிருந்து தரம் பார்க்கும் க்யூ.சி. தம்பி வரும்வரைக்கும்.

அந்தத் தம்பி நல்ல பையன். குரலை உயர்த்தவே மாட்டார். கீழ்த்தட்டிலிருந்து ஒரு கறுப்பு பீஸை உருவி எடுத்தார். தோள்பட்டையில் வெள்ளையாக ஒரு இழுப்பு. அடுத்த பீஸ். அதிலும். எஸ்தர் ஓடி வந்து பிரஷ்ஷால் தட்டிவிட்டாள். எஸ்தரை உனக்குத் தெரியும், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து என்னிடம் செக்கிங்கில் சேர்ந்து, இன்றைக்கு என் வலது கையாக இருப்பவள். தட்டினால் போகிற தூள்தான். ஆனால் கறுப்புத் துணியில் உப்பு விழுந்து, அது பெட்டிக்குள் அடைபட்டு, கப்பலில் ஈரம் குடித்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கே தெரியும். அந்தத் தம்பி பீஸை மடித்து வைத்துவிட்டு, "மேடம், அடுத்த சீசன் ஆர்டருக்கு முன்னாடி வந்து பார்ப்பேன். சுவர் இப்படியே இருந்தா இங்க பேக் பண்ண அனுமதி கொடுக்க முடியாது" என்றார். எங்களுக்கு வருகிற வேலையில் பெரும்பங்கு அந்தப் பையருடையது. அது போனால் அந்தக் கட்டடம் வெறும் கூடுதான். எஸ்தரும் மற்ற பெண்களும் வேறு கம்பெனி தேட வேண்டியதுதான். உன்னிடம் அப்போது "சுவத்துல கொஞ்சம் ஓதம்" என்று மட்டும்தான் போனில் சொன்னோம். புது வேலையில் இருந்தவனைக் கலவரப்படுத்த வேண்டாமே என்று விட்டோம்.

அன்றைக்கு ஆரம்பித்தது உங்கப்பாவின் படையெடுப்பு. டையிங் மாஸ்டருக்கு உலகத்தில் எல்லாமே துணிதான். கறை என்றால் கெமிக்கல். கெமிக்கல் போட்டால் வாஷ். இதைத் தவிர இன்னொரு வழி அவர் மண்டையில் கிடையாது. சுவருக்கு ஒரு முறை எழுதினார் பார், எனக்கே மலைப்பாக இருந்தது. முதலில் கொப்புளித்த பூச்சைக் கல்லும் பிளாக்கும் தெரியத் தட்டிவிட்டு, ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து அடித்தார். சுவர் புஸ்ஸென்று நுரைத்தது. "பாரு, வேலை செய்யுது" என்றார். அப்புறம் ஆசிட்டை முறிக்க சோடாக் கரைசல். அப்புறம் சோப்பு வாஷ். அப்புறம் ஹோஸ் பைப்பை வைத்து அலசு அலசென்று ஒரு அலசல். பட்டறையில் ஒரு லாட் துணியை எப்படி வெளுப்பாரோ அப்படி வெளுத்தார். சுவர் காய்ந்ததும் பளிச்சென்று இருந்தது உண்மைதான். பக்கத்துக் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். உப்பு முன்னைவிட ஒரு முழம் மேலே ஏறி நின்றது. கருங்கல்லில் ஆசிட் பட்ட இடமெல்லாம் துருப்பிடித்த மாதிரி மஞ்சளாகிவிட்டது. பிளாக்குகளுக்கு நடுவிலிருந்த சிமெண்டைக் கட்டை விரலால் தேய்த்தாலே மணல் கொட்டியது. கண்ணு, இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள். துணியை அலசினால் உப்பு தண்ணீரோடு சேர்ந்து சாக்கடைக்குப் போய்விடும். சுவரை அலசினால் தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவருக்குள்ளேதான் போகும். காயும்போது அந்தத் தண்ணீர் உப்பைச் சுமந்துகொண்டு வெளியே வரும், தான் மட்டும் ஆவியாகிப் போகும், உப்பை வாசலில் வைத்துவிட்டுப் போகும். நீ எவ்வளவு அலசுகிறாயோ அவ்வளவு அதற்கு வண்டி கட்டிக் கொடுக்கிறாய். ஆசிட் அதோடு நிற்காது, சிமெண்டையே தின்னும், தானும் புதிதாக ஒரு உப்பை விட்டுவிட்டுப் போகும். உன் மேஸ்திரியிடம் நான் சொன்னேன் என்று சொல்லிவிடு.

உங்கப்பா விடுகிற ஆளா? அடுத்தது பெயிண்டர் பேச்சைக் கேட்டு, தண்ணீர் புகாத பூச்சு ஒன்றும், அதற்கு மேல் எனாமலும் வாங்கி வந்தார். "பூட்டுப் போட்டுட்டேன். இனி எப்படி வெளிய வருதுன்னு பாக்கலாம்" என்றார். உப்பு வெளியே வரவில்லை. பூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பெருத்தது. ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து முறம் அகலத்துக்கு ஒரு பூச்சு எனாமலோடு சேர்ந்து தொப்பென்று கீழே விழுந்தது. அதன் பின்பக்கம் முழுக்க உப்பு, பஞ்சு மாதிரி நீள நீளமாக வளர்ந்திருந்தது. உங்கப்பா கை கழுவிவிட்டு வெளியே போய் ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கோபமாகக் கத்தியிருந்தால் நானும் நாலு கத்தியிருப்பேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன், இது வாஷிங் டிபார்ட்மெண்ட் வேலை இல்லை, செக்கிங் டிபார்ட்மெண்ட் வேலை என்று.

செக்கிங்கில் நாங்கள் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும், மேஜைக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவன் நீ. ஒரு பீஸில் ஒரு ஓட்டை இருந்தால் எடுத்து ஓரமாகப் போடுவோம். பீஸுக்கு பீஸ் ஒரே இடத்தில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு ஓடினால் பீஸைக் குறை சொல்ல மாட்டோம். துணி பின்னும் நிட்டிங் மெஷின்காரருக்குப் போன் போட்டு, உங்கள் மெஷினில் ஊசி ஒன்று உடைந்திருக்கிறது, பாருங்கள் என்போம். ஊசியை மாற்றாமல் துணியை எத்தனை முறை பார்த்தும் பிரயோஜனம் இல்லை. அந்தச் சுவரில் இத்தனை நாளாக நாங்கள் பீஸைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊசியை யாரும் தேடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போய் சுவருக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒரு பாலிபேக்கைப் பிரித்து விரித்து, எனாமலைச் சுரண்டிவிட்ட சுவரின் மேல் வைத்து நாலு பக்கமும் பெட்டிக்கு ஒட்டும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டினேன். இப்படி அங்கங்கே நாலைந்து. மறுநாள் போய்ப் பார்த்தால் கவரின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர். வெளிப்பக்கம் காய்ந்து கிடந்தது. ஆக ஈரம் காற்றிலிருந்து வரவில்லை, சுவருக்குள்ளிருந்து வருகிறது. எல்லாக் கவரிலும் ஒரே அளவும் இல்லை. நடுவில் இருந்ததில் சொட்டுகிற அளவுக்கு, இரண்டு பக்கமும் போகப் போகக் குறைச்சலாக. உப்புக் கோட்டைப் பார்த்தேன். அதுவும் நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிந்து இறங்கியது. அந்த உச்சிக்கு நேர் பின்னால் வெளியே என்ன இருக்கிறது என்று சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

உங்கப்பாவின் வாழை இருந்தது. பெண்கள் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்று வந்த நாளிலேயே ஆர்.ஓ. மெஷின் வைத்தோம் இல்லையா? அது நல்ல தண்ணீரை ஒரு பக்கம் தந்துவிட்டு, போர் தண்ணீரில் இருக்கிற உப்பையெல்லாம் சேர்த்து இன்னொரு குழாயில் கழிவாகத் தள்ளும். சொட்டுத் தண்ணீரை வீணாக்கினால் உங்கப்பாவுக்குத் தூக்கம் வராது. அந்தக் கழிவுக் குழாயை இழுத்துப் போய்ச் சுவரோரம் ஒரு பாத்தி கட்டி, இரண்டு வாழைக்கன்று நட்டு, அதற்குப் பாய்ச்சியிருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த வாழையைக் காட்டுவார். குனிந்து பார்த்தேன். பாத்தி மண்மேல் அப்பளம் மாதிரி வெள்ளை ஏடு. வாழை இலையின் ஓரமெல்லாம் கருகியிருந்தது. வெயிலில் கருகுகிறது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷர். கருங்கல்லுக்கு இடையிலிருந்த சிமெண்ட் இடுக்கு வழியாக அந்த உப்புத் தண்ணீர் பகலும் இரவும் சுவருக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ஊசி அகப்பட்டுவிட்டது. அந்த இடத்திலேயே நின்று தனியாகச் சிரித்தேன் கண்ணு. பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கண்டுபிடித்தது பாதிதான். மாஸ்டரிடம் சொல்ல வேண்டுமே. குழாயைக் கழற்ற வேண்டும் என்றதும் பிடித்துக்கொண்டார். தண்ணியை ரோட்டில் விடச் சொல்கிறாயா, வாழையைக் கொல்லச் சொல்கிறாயா, ஆசிட்டுக்கு அடங்காத சுவர் வாழையை வெட்டினால் அடங்கிவிடுமா என்று வரிசையாகக் கேட்டார். நான் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். "ஏனுங்க, உப்புத் தண்ணி ஓடிட்டே இருக்கற தொட்டியில துணியப் போட்டுட்டு, துணியில உப்புப் போகலைன்னு உங்க பட்டறையில யாராச்சும் சொன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"வேலைய விட்டு அனுப்புவேன்" என்றார். எழுந்து போய் ஸ்பேனரை எடுத்து வந்து குழாயை அவரே கழற்றினார். கழிவுத் தண்ணீரைக் கக்கூஸுக்கு ஊற்றுகிற தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பினோம். அது வீணும் ஆகவில்லை, யாருக்கும் கெடுதலும் இல்லை. வாழையைப் பெயர்த்து மூலையில் நல்ல தண்ணீர் விழுகிற இடத்தில் வைத்தார். சுவரோரம் ஏறியிருந்த மண்ணை வெட்டி எடுத்து, மழைத் தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கட்டினோம். நீயும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். படிக்குப் பின்னால் மண் குவிந்து கிடக்கிறதா, தோட்டத்துக் குழாய் சொட்டுகிறதா, கார் நிறுத்தும் தளத்தின் சரிவு வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார். இன்னொன்றும் பார். உங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது என்று நீயே சொன்னாய். மருமகள் தினமும் காலையில் புது வீட்டுக்குப் போய் அந்தத் தண்ணீரைத்தானே வாசலில் தெளித்துப் படியைக் கழுவுகிறாள்? உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுகிறீர்கள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் பாதி வாசல்களில் நடப்பது அதுதான். குடிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துத் தெளித்தால் போதும்.

தண்ணீரை நிறுத்தியதும் சுவர் சரியாகிவிடும் என்று நினைத்தால் அது எங்களைப் பார்த்துச் சிரித்தது. எனாமலையும் செத்துப்போன பூச்சையும் தட்டி எடுத்து, கல்லும் பிளாக்கும் தெரிய வெறுமையாக விட்டோம். காயக் காய உப்பு முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கொட்டியது. உங்கப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டு போவார். நானும் உள்ளுக்குள் பயந்துதான் போனேன், இன்ஸ்பெக்‌ஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் விடவில்லை. உள்ளே இருப்பது வெளியே வந்தால்தானே தீரும்? ஈரம் படாமல் காய்ந்த நார் பிரஷ்ஷால் தேய்த்து, தூள் கீழே விழாமல் அட்டையில் ஏந்தி, சாக்கில் கட்டி அப்புறப்படுத்தினோம். கீழே சிந்த விட்டால் மழை ஈரத்தில் கரைந்து மறுபடி சுவருக்கே போய்விடும்.

அந்த நேரத்தில்தான் துணி வந்தது. எஸ்தர் தரை துடைத்துவிட்டு ஈரமான வெள்ளைத் துணியைச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்மேல் அப்படியே அப்பிவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து எடுத்தேன். துணி கஞ்சி போட்டது போல விறைத்திருந்தது. அது இருந்த இடத்தில் கல் கறுப்பாக, சுத்தமாகத் தெரிந்தது. சுற்றிலும் வெள்ளை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஈரத் துணி கல்லுக்குள்ளிருக்கும் உப்பைக் கரைத்துத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. துணி காயும்போது உப்பு துணியிலேயே தங்கிவிட்டது. கல்லுக்கு வெளியே பூக்க வேண்டியது துணிமேல் பூத்துவிட்டது.

பனியன் துணிக்கு இந்த ஊரில் பஞ்சமா? உடனே கழிவுத் துணி மூட்டையை அவிழ்த்தேன். கையில் கிடைத்ததை நனைத்து அப்பினால் பாதி ஒட்டவில்லை, பாதி உப்பை இழுக்கவில்லை. இங்கேதான் உங்கப்பா உள்ளே வந்தார். ஒவ்வொரு துணியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். சொட்டு உருண்டு நின்றால் தூக்கிப் போட்டார், விட்டவுடன் காணாமல் போனால் எடுத்துக்கொண்டார். "சாஃப்ட்னர் போட்ட துணி தண்ணி குடிக்காது புள்ள. ப்ளீச்சிங் முடிச்சு வெறுமனே வெச்சது வேணும்" என்று சொல்லிவிட்டுத் தெரிந்த பட்டறைக்குப் போய், ஃபினிஷிங் பண்ணாத வெள்ளைக் கட்டிங் வேஸ்ட்டாக ஸ்கூட்டரில் ஒரு மூட்டை கொண்டுவந்தார். ஆர்.ஓ.வின் நல்ல தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, கல்லின் மேடு பள்ளமெல்லாம் அழுந்த நாலைந்து மடிப்பாக அப்பினோம். நான் ஆர்வக் கோளாறில் முதல் தடவை ஈரம் காயும் முன்பே உரித்துவிட்டேன், ஒன்றும் வரவில்லை. காய்ந்து தானாக விறைக்கும்வரை விட்டால்தான் இழுக்கும் என்று அடுத்த முறை புரிந்தது. பின்சுவர் முழுக்க வெள்ளைத் துணி. முதலிபாளையத்தில் பேச்சு பரவிவிட்டது. பக்கத்துக் கம்பெனிக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, சுவத்துக்குப் பனியன் போட்டு உட்டுட்டீங்களா?" என்று கேட்டார். எஸ்தர் விடுவாளா? "யக்கா, பனியன் போட்டாச்சு. லேபிள எங்க ஒட்டணும்?" என்றாள். அன்றைக்குச் செக்கிங் ஹாலே சிரித்தது. உங்கப்பாவும் சிரித்தார். பூச்சு விழுந்த நாளுக்கு அப்புறம் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உரித்த துணியின் ஒரு முனையை நல்ல தண்ணீர் டம்ளரில் முக்கி, ஆர்.ஓ. மெஷினோடு வந்த, தண்ணீரில் உப்பு அளக்கும் பேனா மாதிரி மீட்டரைப் போட்டு உங்கப்பா பார்ப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு எல்லோரும் அவரையே பார்ப்போம். முதல் துணிகளில் போர் தண்ணீரே பரவாயில்லை என்கிற அளவுக்கு உப்பு. அந்தத் துணியை மறுபடி போடாமல் எறிந்துவிட்டுப் புதுத் துணி. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒருநாள் துணி காய்ந்தும் விறைக்கவில்லை. கையில் மெத்தென்று விழுந்தது. மீட்டரைப் போட்டார். டம்ளரில் இருந்த நல்ல தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. மீட்டரை நிமிர்த்தி எல்லோருக்கும் காட்டினார். எஸ்தர் கை தட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கத் துணியை மடிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

உன் வீட்டுக்கு இவ்வளவும் வேண்டியிருக்காது. புதுக் கான்கிரீட்டும், புதுச் சிமெண்டில் உட்கார வைத்த கல்லும் முதல் கொஞ்ச காலம் தன்னிடம் இருக்கிற உப்பைக் கக்கத்தான் செய்யும். போர் தண்ணீரிலேயே கலவை கலந்து, போர் தண்ணீரிலேயே நனைத்திருப்பார்கள், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே கக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிப் போடு. அடுத்த முறை வருவது குறைந்திருக்கிறதா என்று கவனி. குறைந்துகொண்டே வந்தால் அது தன் பாட்டுக்கு ஓய்ந்துவிடும். குறையாமல் அதே அளவு வந்தால் எங்கேயோ தண்ணீர் போகிறது, பாலிபேக்கை ஒட்டிப் பார்த்து ஊசியைத் தேடு. பளபளப்புப் பூச்சு அடித்துவிட்டால் இது எதையும் உன்னால் பார்க்க முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே ஒருநாள் கல்லின் தோல் உரிந்து உன் கையில் வரும்.

இனி இன்ஸ்பெக்‌ஷன். அந்தத் தம்பி சொன்னபடி வந்தார். ராக்கெல்லாம் சுவரை விட்டு ஒரு ஆள் நடக்கிற அளவு தள்ளிப் போட்டிருந்தோம். சுவர் வெறும் கல்லும் பிளாக்குமாக, பூச்சில்லாமல், பெயிண்ட் இல்லாமல் நின்றது. ஆசிட் விட்ட மஞ்சள் தழும்புகூட அப்படியே தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. ஒரு கறுப்பு பீஸைக் கேட்டு வாங்கினார். உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு குனிந்து கல் இடுக்கில் அழுத்தித் தேய்த்தார். டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். வேறு இடத்தில் தேய்த்தார். மூன்றாவதாகத் தரையை ஒட்டி, பழைய வாழைக்கு நேர் எதிரே தேய்த்தார். எல்லோரும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நின்றோம். துணி கறுப்பாகவே இருந்தது. சிமெண்ட் தூசுகூட ஒட்டவில்லை, உதிர்கிற சிமெண்டையெல்லாம் முன்பே சுரண்டி எடுத்து அவ்வளவு துடைத்திருந்தோம்.

அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். "எல்லாம் சரி மேடம். ஏன் பெயிண்ட் மட்டும் அடிக்காம விட்டுட்டீங்க? அடிச்சா இன்னும் நல்லா இருக்குமே?"

"மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே" என்றேன். "நாளைக்கே உப்பு வந்தாலும் மொதல்ல என்ற கண்ணுக்குத் தெரியோணும்ங்க."

அவர் சிரித்துவிட்டார். அனுமதிப் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். போகும்போது உங்கப்பாவிடம் கை கொடுத்து, "சார், பெரிய வேலை பண்ணியிருக்கீங்க" என்றார். உங்கப்பாவை உனக்குத் தெரியும். தான் செய்யாததையும் தான் செய்ததாகச் சொல்லிவிட்டு மீசையைத் தடவுகிற மனுஷன். அன்றைக்கு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, ஹாலில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் துணி எடுத்துக் குடுத்தேனுங்க. அவ்வளவுதான். பண்ணினது அவங்க" என்றார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் என்னை அவர் 'அவங்க' என்று சொல்லி நான் கேட்டது அப்போதுதான். அந்த சீசன் ஆர்டர் வந்தது, அடுத்த சீசனும் வந்தது, இன்றைக்கும் அந்தச் சுவருக்கு முன்னால்தான் கறுப்பு பீஸ் அடுக்குகிறோம்.

அதனால் கண்ணு, கிரகப்பிரவேசத்தன்று படியில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தால் தெரியட்டும். உன் மாமனார் நின்று பார்ப்பார், நிச்சயம் கேட்பார், அவரும் கட்டடம் கட்டிய மனுஷர்தான். நீ நெளியாதே, மேஸ்திரிமேல் பழி போடாதே. நிமிர்ந்து நின்று, "உப்பு வெளிய போயிட்டு இருக்குதுங்க மாமா, மறைக்காம உட்டிருக்கேன்" என்று சொல். நான் உன் பக்கத்தில்தான் நிற்பேன்.

அம்மா